3,200 சதுர அடி வீடு: மாதத் தவணை தாங்குமா?

கேள்வி: எனக்கு வயது 42. கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் வேலை. மனைவி ஆசிரியை. இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு மாதம் 480,000 ரூபாய் வரும். வெள்ளவத்தையில் 110,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். மனைவிக்குச் சீதனமாக வந்த 9 பேர்ச் காணி வத்தளையில் இருக்கிறது. அதில் வீடு கட்டப் பிளான் போடுவித்தோம்: இரண்டு தட்டு, 3,200 சதுர அடி, ஐந்து அறை, நான்கு குளியலறை, மேல்தட்டு வரை திறந்த ஹோல். ஒப்பந்தகாரர் சதுர அடிக்கு 13,000 ரூபாய் சொல்கிறார். நிலையான வைப்பில் 85 இலட்சம் உண்டு. கனடாவில் இருக்கும் அண்ணா 50 இலட்சம் தருவதாகச் சொல்கிறார். வந்தால் தங்க மேலே ஓர் அறை வேண்டுமாம். மிச்சத்துக்கு வங்கிக் கடன் எடுத்து, போதாவிட்டால் ஊழியர் சேமலாப நிதியில் கை வைக்கலாம் என்று யோசனை. 71 வயது அம்மாவும் 9, 6 வயதுப் பிள்ளைகளும் எங்களோடு இருக்கிறார்கள். பிளானை இன்னும் அனுமதிக்காக உள்ளூராட்சி சபைக்குக் கொடுக்கவில்லை. எவ்வளவு கடன் எடுக்கலாம்?

பதில்: பிளான் இன்னும் சபைக்குப் போகவில்லை என்ற வரியைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்றைக்குத் தாளில் ஒரு சுவரை அழிக்க உங்களுக்குச் செலவு அநேகமாக இல்லை. அத்திவாரம் வெட்டிய பிறகு அதே சுவர் இலட்சக்கணக்கில் இழுக்கும்.

முதலில் கணக்கு. 3,200 சதுர அடியை 13,000 ஆல் பெருக்கினால் 4 கோடி 16 இலட்சம். உங்கள் வைப்பையும் அண்ணாவின் காசையும் முழுதாகக் கொட்டினாலும் 2 கோடி 81 இலட்சம் கடன் வேண்டும். தனியார் துறையில் ஓய்வு வயது 60 என்பதால் உங்களுக்கு 18 வருடத் தவணைதான் கணக்கு. 12 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 318,000 ரூபாய், அதாவது கைக்கு வருவதில் மூன்றில் இரண்டு பங்கு. வட்டி 15 சதவீதமானால் 377,000. மிஞ்சும் ஒரு இலட்சத்துச் சொச்சத்தில் ஐந்து பேர் சாப்பிட வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும், அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும். இந்தக் கடனை எடுக்க வேண்டாம். எந்த வங்கியாவது தர முன்வந்தாலும் எடுக்க வேண்டாம்.

வட்டி 15க்கு ஏன் போகும் என்று நினைக்கலாம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே முடிவில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதை நாம் எல்லோரும் பார்த்தோம். மத்திய வங்கியின் இப்போதைய கொள்கை வட்டியான ஓரிரவுக் கொள்கை வீதம் 2024 நவம்பரில் 8 சதவீதமாக வந்து, 2025 மேயில் 7.75 ஆகக் குறைந்தது. ஆனால் உங்கள் கடன் 2040க்குப் பின்னும் ஓடும். வீட்டுக் கடனில் முதல் சில வருடங்களுக்கு மட்டும் வட்டியை நிலையாக வைத்து, பிறகு சந்தை வீதத்தோடு சேர்த்து ஏற்றி இறக்குவது வங்கிகளின் வழக்கம். எத்தனை வருடம் நிலையானது, அதன் பின் எந்த வீதத்தோடு கட்டப்படும் என்பதைக் கடன் கடிதத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

என் அளவுகோல் இது: வட்டி 15 சதவீதத்துக்கு ஏறினாலும் தவணை சம்பளத்தின் 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உங்களுக்கு அது 168,000. அந்தத் தவணைக்கு 1 கோடி 25 இலட்சம் கடன் கிடைக்கும். 12 சதவீதத்தில் தவணை சுமார் 141,500 தான் வரும். 20 சதவீதம் வந்தாலும் 214,000; மூச்சு முட்டும், ஆனால் வீடு ஏலத்துக்குப் போகாது.

வைப்பில் 20 இலட்சத்தைத் தொடாதீர்கள். வேலை போனாலும் நோய் வந்தாலும் அதுதான் கை கொடுக்கும். மிச்சம் 65, கடன் 125, அண்ணா தந்தால் 50. மொத்தம் 2 கோடி 40 இலட்சம். உங்கள் வீட்டை இந்தத் தொகைக்குள் வரைய வேண்டும்.

ஒப்பந்தகாரர் சொன்ன 13,000க்குள் எதெல்லாம் அடங்கும் என்று கேட்டீர்களா? மதில், கேற், மலக்குழி, தண்ணீர் மற்றும் மின் இணைப்பு, குசினி அலுமாரிகள், கட்டடக் கலைஞர் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் வெளியே நிற்கும். 18 சதவீத வற் வரி சேர்ந்ததா இல்லையா என்பதும் தெரிய வேண்டும். சதுர அடி விலையை நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள். கணிய அளவையாளர் (QS) ஒருவரைக் கொண்டு, எத்தனை கியூப் கொங்கிறீட், எத்தனை கிலோ கம்பி என்று வரிவரியாக அளவுப் பட்டியல் போடுவியுங்கள். வங்கியும் அதைக் கேட்கும். வங்கி கடனை ஒரே தடவையில் தராது. அத்திவாரம், சுவர், சிலாப், பூச்சு என்று வேலை முடிய முடியத் தான் விடுவிக்கும். அதுவரை வெள்ளவத்தை வாடகையும் கடன் வட்டியும் ஒரே மாதத்தில் வெளியேறும். கட்டும் காலம் நீள நீள வாடகையாகப் போகும் காசும் கூடும். சிறிய வீட்டை நான் வற்புறுத்த இதுவும் ஒரு காரணம்.

மற்றது, காணி. வத்தளையில் பல காணிகள் சதுப்பு நிரவியவை. களனி கங்கையும் அருகில். வரைபடத்தைத் திருத்துவதற்கு முன்பே மண் பரிசோதனை செய்யுங்கள். மண் இளகலாக இருந்தால் அத்திவாரச் செலவு மாறும், வீட்டுத் தளத்தை எவ்வளவு உயர்த்துவது என்பதும் அதில்தான் தெரியும். 2016 மே வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அயலவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சுவரில் அடையாளம் காட்டுவார்கள்.

இனி பிளானுக்கு வருவோம். 9 பேர்ச் என்றால் சுமார் 2,450 சதுர அடி. பின்முற்றம், வெளிச்சம், வீதிக்கோடு (வீதிக்காக விட வேண்டிய எல்லை) எல்லாம் விட்டால் கட்டடம் நிற்கக்கூடியது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 1,600. சரியான அளவைச் சபையில் கேட்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழையும் இப்போதே எடுங்கள். உங்கள் 3,200 சதுர அடிப் பிளான் இரண்டு தட்டிலும் எல்லை முட்டும்வரை நிரப்பப்பட்டிருக்கிறது. மரம் வைக்கவும் காற்று வரவும் இடமில்லை.

கட்டடக் கலைஞரிடம் இப்படிச் சொல்லுங்கள்: இரண்டு தட்டு வீட்டை வரையுங்கள், கட்டுவது கீழ்த்தட்டை மட்டும். கீழே 1,400 சதுர அடியில் மூன்று அறை, இரண்டு குளியலறை. 13,000 கணக்கில் 1 கோடி 82 இலட்சம். மிச்சம் 58 இலட்சத்தில் மதில், இணைப்புகள், இரண்டு தட்டைத் தாங்கும் அத்திவாரமும் தூணும், மேலே கூரைத் தகட்டுக்குப் பதில் சிலாப், எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கு எல்லாம் வர வேண்டும். தூண் கம்பிகளை மேலே நீட்டி விட்டு, துருப்பிடிக்காமல் மூடி வையுங்கள். சிலாப்பில் நீர்க்கசிவு தடுப்பு வேலையில் மிச்சம் பிடிக்காதீர்கள். கொழும்பு மழைக்கு அது ஒரு வருடத்தில் பதில் சொல்லும்.

அம்மாவின் அறை கீழே, குளியலறை ஒட்டியபடி, வாசலில் படி இல்லாமல், கதவு சக்கர நாற்காலி போகுமளவு அகலமாக. நாளைக்கு அது உங்களுக்கும் உதவும். இரண்டு குளியலறைகளும் குசினியும் ஒரே சுவரின் இரு பக்கமும் வரட்டும், மேலே வரப்போகும் குளியலறை அவற்றுக்கு நேர்மேலே. குழாய் நீளம் குறைந்தால் காசும் குறையும், கசிவும் குறையும். வெளிச்சுவரில் மூலைகள் குறைவாக இருக்கட்டும். மேற்கு வெயில் படும் பக்கத்தில் பெரிய கண்ணாடி வேண்டாம்: குளிரூட்டி ஓடி மின்பாவனை மாதம் 180 அலகைத் தாண்டினால் கட்டணம் பாயும். மேல்தட்டு வரை திறந்த ஹோலை விடுங்கள். பின்னாளில் ஓர் அறை வரவேண்டிய இடத்தை அது விழுங்கிவிடும். நாற்சார் வீட்டின் முற்றம்போல் பக்கத்தில் சிறியதொரு திறந்த வெளி விட்டால், காற்று ஹோலுக்குள் வரும்.

படிக்கட்டைப் பற்றி மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஹோலுக்குள் வைக்காமல் முன்வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். பிறகு மேல்தட்டைக் கட்டும்போது தனி வாசலோடு வாடகைக்கு விடலாம், அல்லது பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். உங்கள் 50களில் கடனின் ஒரு பகுதியை அந்த வாடகை அடைக்கும். நடு ஹோலில் படி உள்ள வீட்டில் இந்த வழி இல்லை.

கட்டட அனுமதி ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், நீடிக்கலாம். எனவே இப்போது கட்டப்போகும் கீழ்த்தட்டுக்கே அனுமதி எடுத்து, முடிந்ததும், அனுமதித்தபடியே கட்டப்பட்டது என்று சபை தரும் இணக்கச் சான்றிதழையும் வாங்கிவிடுங்கள். அரைகுறையாக நிற்கும் மேல்தட்டோடு அந்தச் சான்றிதழ் கிடைப்பது கடினம். அது இல்லாத வீட்டை விற்கும்போதும் ஈடு வைக்கும்போதும் வங்கி முகம் சுளிக்கும்.

சேமலாப நிதி பற்றி: பத்து வருடத்துக்கு மேல் பங்களிப்புச் செய்தவர்கள் வீட்டுக்காக 30 சதவீதம் வரை எடுக்க வழி உண்டு. நீங்கள் எடுக்க வேண்டாம். தனியார் துறையில் ஓய்வூதியம் இல்லை. அந்தக் காசுதான் உங்கள் முதுமை. முதலில் வைப்பைப் பயன்படுத்துங்கள். அதன் வட்டியில் இப்போது 10 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படுகிறது, கடன் வட்டியோ வைப்பு வட்டியைவிட அதிகம்.

காணி மனைவியின் பெயரில் என்பதால், ஈட்டுப் பத்திரத்தில் அவர் கையெழுத்து வைக்க வேண்டும். நீங்கள் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களானால் உங்கள் எழுத்துமூலச் சம்மதமும் தேவை. கடனடைப்பது நீங்களானாலும் வீடு காணியோடு போகும். இதை இருவரும் இப்போதே, நல்ல மனநிலையில் பேசிக்கொள்ளுங்கள். தவணை முடியுமுன் உங்களுக்கு ஏதும் நடந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்புறுதி கட்டாயம் வேண்டும்.

கடைசியாக அண்ணா. அவர் கனேடியப் பிரசையாகி இரட்டைப் பிரசாவுரிமை எடுக்காதிருந்தால், வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் மனைவி காணியில் அவருக்குப் பங்கு எழுத முடியாமல் போகலாம், நொத்தாரிசிடம் கேளுங்கள். எனவே 50 இலட்சம் அன்பளிப்பா, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். காசு வங்கி வழியாக வரட்டும். கடன் என்றால் அதன் தவணையையும் 168,000க்குள் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அப்போது வங்கிக் கடன் அதற்கேற்பக் குறையும். மேலறை இப்போது வராது என்பதையும் அவரிடம் காசு வருமுன் சொல்லிவிடுங்கள். அது கேட்டு அவர் மனம் மாறினால் 1,050 சதுர அடியில், இரண்டு அறையோடு தொடங்கலாம். அதற்கான வரைபடத்தையும் கட்டடக் கலைஞரிடம் சேர்த்தே கேளுங்கள்.