பாவம் பரண் மேல், பழி வெங்காயத்தின் மேல்

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன். வயது 39. இரண்டு வருடம் முன்பு டெங்கு வந்தது. காய்ச்சல் போய்விட்டது, அசதி போகவில்லை. தினமும் ஹார்பர் லைனில் சி.எஸ்.எம்.டி. வரை போய் வேலை பார்த்தவள், இப்போது குளித்துவிட்டு வந்தாலே படுக்க வேண்டியிருக்கிறது. சாப்பாடும் ஒத்துக்கொள்வதில்லை. கோதுமை, பால், தக்காளி, கத்தரிக்காய், புளி, துவரம்பருப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்தினேன். போன நவராத்திரியில் கொலு வைத்த மூன்றாம் நாள் வெங்காய சாம்பார் சாப்பிட்டு, ஒரு வாரம் படுத்துவிட்டேன். வெங்காயமும் போயிற்று. ஃபினாயில், ஊதுபத்தி, லிஃப்டில் யாரோ போட்டுவந்த சென்ட், எதற்கும் தலை சுற்றுகிறது. எடை 58 கிலோவிலிருந்து 47. டாக்டர்கள் எல்லாம் நார்மல் என்கிறார்கள். மாமியார் சோம்பல் என்கிறார். கணவரின் அண்ணன் தினமும் டைமண்ட் கார்டனில் நடக்கச் சொல்கிறார். மூளையைப் பழக்கி இதைச் சரிசெய்யலாம் என்று ஆன்லைனில் ஒரு மூளைப் பயிற்சி வகுப்பு, 40,000 ரூபாயாம். சேரலாமா?
- பெயர் வேண்டாம்

பதில்: அன்புள்ள செம்பூர் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வெங்காய சாம்பார்தான். நவராத்திரியில் வெங்காயமா என்ற பஞ்சாயத்து உங்கள் வீட்டிலேயே நடந்திருக்கும், அதற்குள் நான் போகவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு என்ன செய்தீர்கள்? கொலு வைத்தீர்கள். பரணிலிருந்து பெட்டிகளை இறக்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றிய பொம்மைகளைப் பிரித்து, துடைத்து, படி கட்டி... அன்று உடம்பு ஒத்துழைத்திருக்கும். 'பரவாயில்லையே, தேறிவிட்டேனே' என்றுகூடத் தோன்றியிருக்கும்.

சிக்கலே அங்கேதான். நாட்பட்ட களைப்பு நோய் (ஆங்கிலத்தில் ME/CFS) என்று ஒன்று இருக்கிறது. அதில், சக்திக்கு மீறிச் செய்ததற்கான தண்டனை உடனே வருவதில்லை. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து வரும், வந்தால் நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் இருக்கும். அது வரும் நேரத்தில் தட்டில் என்ன இருக்கிறதோ, பழி அதன்மேல் விழும். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். நீங்கள் நிறுத்திய ஏழு பொருளில் எத்தனை உண்மையான குற்றவாளி, எத்தனை அந்த நேரத்துக்கு வந்து மாட்டிக்கொண்டவை என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நானும் சிக்குன்குனியாவுக்கு அப்புறம் மூன்று வருடம் இப்படிக் கிடந்தவள். மாட்டுங்காவில் என் வீட்டுச் சமையலறையில் கடைசியாக மிஞ்சியது சாதமும் புடலங்காயும்தான். தயிர்மேல் நான் போட்ட பழி உண்மையில் துணி துவைத்ததன் மேல் போட வேண்டியது என்று புரிய ஒரு வருடம் ஆயிற்று.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இடது பக்கம் சாப்பிட்டது, வலது பக்கம் செய்த வேலை. வேலை என்றால் போனில் ஒரு மணி நேரம் பேசியது, விருந்தாளி வந்தது, அழுதது, எல்லாம்தான். உடம்பு படுக்கும் நாளில் முந்தைய இரண்டு நாளின் வலது பக்கத்தை முதலில் பாருங்கள்.

உங்களுக்கு இருப்பது அந்த நோய்தானா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை இல்லை. அமெரிக்காவில் 2015-ல் வந்த வரையறைப்படி, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் அசதி, உழைத்த பின் வரும் சரிவு, தூங்கி எழுந்தாலும் தெளியாத உடம்பு, இவற்றோடு மூளை மந்தமோ நின்றால் வரும் தலைசுற்றலோ இருக்க வேண்டும். மற்ற நோய்களையும் விலக்க வேண்டும். 'நார்மல்' என்று சொன்ன ரிப்போர்ட்டுகளில் தைராய்டு, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), பி12, சர்க்கரை எல்லாம் இருக்கின்றனவா என்று எடுத்துப் பாருங்கள். பதினொரு கிலோ இறங்கியதைத் தனியாகச் சொல்லுங்கள். இந்த ஊரில் அப்படி எடை குறைந்தால் டி.பி. இல்லை என்று உறுதி செய்யாமல் விடக்கூடாது. கோதுமையை நிறுத்திவிட்டதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோதுமை சாப்பிடாதபோது எடுக்கும் சீலியாக் (கோதுமைப் புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) பரிசோதனை, நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, ஒரே குழாய் ரத்தத்தில் இருநூறு உணவுக்கு 'ஐஜிஜி' என்ற எதிர்ப்புப் பொருள் பட்டியல் தருகிறார்களே, அதற்கு மட்டும் போகாதீர்கள். அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும்.

டைமண்ட் கார்டன் நடை இப்போதைக்கு வேண்டாம். நாளுக்கு நாள் நடையைக் கூட்டும் சிகிச்சையைத்தான் முன்பெல்லாம் வெளிநாட்டிலும் தந்தார்கள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் 'நைஸ்' அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த நோய்க்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அண்ணனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பதில் இருக்கும் சக்திக்குள் வாழப் பழகச் சொல்கிறார்கள். கேட்க சுலபம், செய்யக் கஷ்டம், அதுவும் நல்ல நாளில். நல்ல நாளில் பாதி வேலையோடு நிறுத்துங்கள். மேடை முன்னால் நின்று நறுக்க வேண்டாம், அரிவாள்மணை இருந்தால் உட்கார்ந்து நறுக்குங்கள். குளிக்க பாத்ரூமில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். நின்றால் படபடப்பு வருகிறதென்றால், படுத்திருக்கும்போதும், எழுந்து பத்து நிமிடம் நின்ற பிறகும் நாடித் துடிப்பை டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடினால் அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். உதடு வீங்குவது, தடிப்பு, மூச்சுத் திணறல் தந்த உணவு எதுவானாலும் வீட்டில் சோதிக்கவே கூடாது, அது அலர்ஜி டாக்டரின் வேலை. மற்றதை ஒரு டயட்டீஷியன் துணையோடு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். வேலை அதிகமில்லாத வாரத்தில், ஒரே ஒரு பொருள், முதல் நாள் ஒரு ஸ்பூன், மறுநாள் கொஞ்சம் கூட, மூன்று நாள் பாருங்கள். துவரம்பருப்பில் ஆரம்பிக்கலாம், உங்களுக்குப் புரதம் வேண்டும். வெங்காயம் கடைசியில். அது சிலருக்கு நிஜமாகவே வயிற்றை உப்ப வைக்கும்.

வாசனை விஷயத்தில், வீட்டுக்குள் சுலபமாகக் குறைக்கக்கூடியதைக் குறையுங்கள். ஊதுபத்திக்குப் பதில் விளக்கு மட்டும், பீரோவில் அந்துருண்டை வேண்டாம், தரைக்கு வாசனையில்லாத சோப்புத் தண்ணீர். கொசுவர்த்தி இருந்தால் அதுவும் போகட்டும். ஒரு சுருள் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வருகிறது என்று அளந்திருக்கிறார்கள். ஆனால் டெங்குக் கொசு பகலில் கடிப்பது, பகலில் படுப்பவர் நீங்கள், இரண்டாம் முறை டெங்கு இன்னும் மோசமாகலாம். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். சொசைட்டியில் மருந்து அடிக்கும் தேதியை முன்கூட்டியே சொல்லச் சொல்லி செக்ரெட்டரியிடம் கேளுங்கள். இதற்கு மேல் வாசனைக்குப் பயந்து லிஃப்ட், கோயில், உறவினர் வீடு என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போனால் அதுவும் சாப்பாட்டுப் பட்டியல் மாதிரிதான் ஆகும். எது ரசாயனம், எது சுத்தமான காற்று என்று தெரியாதபடி மறைத்துச் சோதித்த ஆய்வுகளில் பலரால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அவதி பொய் என்று அர்த்தமில்லை. வாசனையின் எச்சரிக்கை மணி உடம்பில் சீக்கிரம் அடித்துவிடுகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதனால்தான் மூளைப் பயிற்சி சிலருக்குக் கொஞ்சம் உதவலாம் என்று நினைக்கிறேன். ஆனால் 40,000 ரூபாய்க்கு இல்லை. அசதியைப் பொருட்படுத்தாமல் எழுந்து நட என்று அந்த வகுப்பு சொன்னால் இலவசமாகக்கூட வேண்டாம். படுத்தபடி மெதுவாக மூச்சு விடுவதற்கு யாரும் பணம் கேட்கப்போவதில்லை. பூரணமாகக் குணமாகிவிடும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். சிலர் முழுதாகத் தேறுகிறார்கள், பலர் பாதி தூரம் வருகிறார்கள். நான் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

மாமியாரிடம் நோயின் நீளமான பெயரையெல்லாம் சொல்ல வேண்டாம். 'டெங்கு இன்னும் உடம்பை விட்டு முழுசா இறங்கலைம்மா' என்று சொல்லிப் பாருங்கள். விஷக் காய்ச்சல் கண்ட உடம்பு தேற நாளாகும் என்பது அந்தத் தலைமுறைக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த வருடம் மூன்று படி போதும், பெட்டியை இறக்குவது கணவர் வேலை.

டாக்டரிடம் நோட்டோடு போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூளை மந்தமாக இருக்கும் நாளில் டாக்டர் சொன்னது பாதி மறந்துவிடும், எழுதிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.