தர்மபுரியில் நாற்பது பேர் உட்காரும் சின்ன ஓட்டலுக்கும் கிரீஸ் டிராப் கட்டாயமா?

"கட்டாயமா" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள், "தேவையா" என்று கேட்கவில்லை. அதிலேயே உங்கள் நிலைமை புரிந்துவிட்டது. இடம் பிடித்துக் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. கிரைண்டர், டேபிள், பெயிண்ட் என்று கையிலிருந்த பணம் கரைந்துவிட்டது. இந்த நேரத்தில் யாரோ வந்து, கழுவுகிற தண்ணீரில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து நிறுத்தப் பின்பக்கம் ஒரு தொட்டி கட்டு என்கிறார்கள், அதுதான் கிரீஸ் டிராப். எரிச்சல் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது.

பென்னாகரம் சாலையில், டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பிரியாணியும் இலைச் சாப்பாடும் போடும் கடை எங்களுடையது. நானும் அக்காவும் சேர்ந்து நடத்துகிறோம். கடைப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் விளம்பரம் என்பார்கள். சொல்லாமல் இருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது, அது கீழே வரும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நான் வக்கீலும் இல்லை, இன்ஜினீயரும் இல்லை. உணவு உரிமத்துக்கு எப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், வைத்திருக்கும் ஆய்வுப் பட்டியலில் வடிகால் பற்றி ஒரு வரி உண்டு. வருகிற தண்ணீரைத் தாங்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கையும் கரப்பானையும் தடுக்கிற அமைப்பு இருக்க வேண்டும் என்று. ஆய்வுக்கு வருபவர் அந்த வரியைக் காட்டிக் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. அப்புறம் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் கழிவுநீருக்கான பொது அளவுகள் இருக்கின்றன. பாதாள சாக்கடைக்குப் போகும் தண்ணீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெயோ கொழுப்போ இருக்கக் கூடாது. ஓடை, ஏரி, ஆறு என்றால் 10 மில்லிகிராம்தான்.

இந்த எண்களைப் படித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அக்கா மகள்தான் கணக்குப் போட்டுக் காட்டினாள். 10 கிராம் எண்ணெய், அதாவது ஒரு சின்னக் கரண்டி, 500 லிட்டர் தண்ணீரை அந்த 20 என்கிற எல்லைக்குக் கொண்டுபோய்விடும். எங்கள் மாடி டேங்க்கே 1000 லிட்டர்தான். இரண்டு கரண்டி எண்ணெயில் முடிந்தது. ஒரு பிரியாணி அண்டாவின் அடியில் எத்தனை கரண்டி ஒட்டியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"எல்லாம் பேப்பரில்தான், பணம் கொடுத்தால் வேலை முடிந்தது" என்று இங்கே யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். காகிதத்துக்குப் பணம் கொடுக்கலாம், சாக்கடைக் குழாய்க்கு எப்படிக் கொடுப்பது?

நான் முதலில் செய்ததைச் சொல்கிறேன். சேலத்தில் ஒரு எவர்சில்வர் பெட்டி விற்றார்கள். 14 ஆயிரம் ரூபாய், 40 லிட்டர் பிடிக்கும். வாங்கி சிங்க்குக்கு அடியில் வைத்து, பளபளவென்று போட்டோ எடுத்து உரிமத்துக்கும் காட்டியாயிற்று. கிரீஸ் டிராப் முடிந்தது என்று நான் பாட்டுக்கு வியாபாரத்தைப் பார்த்தேன்.

2023 ஆடி 18. நீங்கள் நம்ம ஊர்க்காரர் என்றால் அன்றைக்குப் பென்னாகரம் சாலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வேன், டெம்போ, டிராக்டர் எல்லாம் ஒகேனக்கல் பக்கம்தான். காவிரியில் தலை முழுகப் போகும் புதுப்பொண்ணு மாப்பிள்ளைகள், தங்கள் ஊர்ச் சாமியைக் குளிப்பாட்டக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், திரும்பி வரும்போது எல்லோருக்கும் பசி. வருஷத்துக்கு அந்த ஒரு நாள் வியாபாரம் எங்களுக்கு ஒரு வார வியாபாரத்துக்குச் சமம்.

மதியம் ஒரு மணி இருக்கும். மூன்றாவது அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தரையில் இருக்கும் சல்லடை ஓட்டையிலிருந்து களக் களக் என்று சத்தம். அக்கா "டேய், இங்க வா" என்று கூப்பிட்ட குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மஞ்சளாக எண்ணெய் மிதக்கிற தண்ணீர், சோறு, கறிவேப்பிலை, எல்லாம் மேலே ஏறி வந்து, சமையல் கட்டைத் தாண்டி, சாப்பிடுகிற இடத்தில் இரண்டாவது டேபிள் வரைக்கும் வந்துவிட்டது. வாடை பற்றி எழுத விரும்பவில்லை. எல்லோரும் எழுந்து வெளியே ஓட, ஒரு பாட்டி மட்டும் காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு "ரசம் இருக்கா தம்பி" என்றார். அந்தப் பாட்டிக்கு மட்டும் காசு வாங்கவில்லை. மற்றவர்களிடம் கேட்கிற துணிச்சலே இல்லை.

பக்கத்துக் கடை அண்ணன் ஒருவர், நல்ல மனுஷன்தான், "ஒரு ஆளைப் பிடிச்சு செப்டிக் டேங்க்ல இறக்கு, ஆயிரம் ரூபா குடுத்தா வந்துருவான்" என்றார். மறைக்காமல் சொல்கிறேன், ஒரு நிமிஷம் நானும் யோசித்தேன். வாசலில் வேன் வேனாகக் கூட்டம் நிற்கும்போது மனுஷ புத்தி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அக்காதான் "ஆள் கீள் இறங்கினா நான் இன்னைக்கே கடையை மூடிடுவேன்" என்று கத்தினாள். மூடிக் கிடக்கும் தொட்டியில் இருக்கும் விஷவாயுவில் போன உயிர்கள் எத்தனை. மனிதர் கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கிற 2013 சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை உள்ளே இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்களுக்கும் யாராவது இந்த யோசனை சொல்வார்கள், அப்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையைச் சாத்திவிட்டுக் குழாயை அறுத்துப் பார்த்தோம். நாலு அங்குலக் குழாயில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். சுற்றிலும் வெள்ளையாக, கட்டியாக, சுரண்டினால் பார் சோப்பு மாதிரி உதிர்கிறது. பார் சோப்பு மாதிரி என்ன, ஒரு வகையில் அது சோப்பேதான். கொழுப்பிலிருந்து பிரியும் அமிலமும் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தால் அப்படி இறுகிவிடும். நம்ம போர் தண்ணீரில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? பாத்திரமெல்லாம் வெள்ளை படிகிற ஊரில் குழாய் மட்டும் தப்பிக்குமா.

அப்புறம் அந்த எவர்சில்வர் பெட்டி ஏன் பிடிக்கவில்லை என்று பார்த்தேன். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, தானாக மேலே வந்துவிடும். ஆனால் அதற்குத் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும், ஆறவும் வேண்டும். கொதிக்கிற தண்ணீரையும் சோப்புக் கரைசலையும் சேர்த்து ஊற்றினால் எண்ணெய் தண்ணீரோடு கலந்தபடியே ஓடிவிடும். போய் எங்கே ஆறுகிறதோ அங்கே உறையும். ஒரு வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு குழாயும் திறந்திருந்தால் நிமிஷத்துக்கு 24 லிட்டர். 40 லிட்டர் பெட்டியில் தண்ணீர் நின்றதே இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. அதற்குள் என்ன பிரியும்? ஓட்டல் தொட்டிக்கு அரை மணி நேரமாவது நிற்கிற மாதிரி இடம் வேண்டும். 24 பெருக்கல் 30, 720 லிட்டர். இந்தக் கணக்கைப் பெட்டி வாங்குவதற்கு முன்னால் போட்டிருந்தால் 14 ஆயிரம் மிச்சம். விற்றவரைக் குறை சொல்லவில்லை, அவர் பெட்டிதான் விற்றார். நான்தான் அளவு கேட்கவில்லை.

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, கொத்தனார். பின்பக்கம் குழி தோண்டிச் செங்கல் வைத்துக் கட்டி உள்ளே சிமெண்ட் பூசினார். நீளம் 5 அடி, அகலம் இரண்டரை, தண்ணீர் நிற்கும் உயரமும் இரண்டரை. 880 லிட்டர் பிடிக்கும். நடுவில் ஒரு தடுப்புச் சுவர், அடியில் மட்டும் வழி விட்டது. மிதக்கிற எண்ணெய் இந்தப் பக்கமே நின்றுவிடும், அடித் தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகும். வெளியே போகும் குழாய்க்கு T வடிவ இணைப்பு ஒன்று மாட்டி, அதன் கால் தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும். முன்னால் சோறு, எலும்பு வடிகட்ட ஒரு வலைக்கூடை. கக்கூஸ் லைனை மட்டும் இதில் சேர்க்கவே கூடாது. கொத்தனார் சொன்னாலும் சேர்க்காதீர்கள், பள்ளம் தோண்டுகிற வேலை மிச்சம் என்று சொல்வார்கள்.

எல்லாம் சரியாகச் செய்த மாமா, மூடிக்கு மட்டும் கிருஷ்ணகிரி பக்கமிருந்து ஒரு கிரானைட் பலகை கொண்டுவந்து போட்டார். "யானை நின்னாலும் தாங்கும் மாப்ளே" என்று அதன் மேல் ஏறி நின்று காட்டினார். யானை நின்றிருந்தால்கூட இறங்கிப் போயிருக்கும். அந்தக் கல்லை நகர்த்த நாலு ஆள் வேண்டும். ஓட்டலில் நாலு ஆள் ஒரே நேரத்தில் சும்மா இருப்பது எப்போது? நாளைக்கு, அடுத்த வாரம், கார்த்திகை முடியட்டும் என்று ஐந்து மாசம் திறக்கவே இல்லை. திறந்தபோது மேலே ஒரு அடிக்கு மேல் கெட்டியாக நின்றது, காலை வைத்தால் தாங்கும் போல. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தால் ஆடி 18 மறுபடியும் வந்திருக்கும், தை மாசத்திலேயே. மாமாவிடம் இதைச் சொல்லவே எனக்கு இரண்டு நாள் ஆனது. கல்லை எடுத்துவிட்டு, கைப்பிடி வைத்த செக்கர் பிளேட், அதாவது வழுக்காமல் இருக்க மேலே வரி போட்ட இரும்புத் தகடு, இரண்டு துண்டாகப் போட்டோம். ஒரு ஆள் தூக்கலாம். மாமாவுக்கு இன்னும் வருத்தம்தான். அந்தக் கிரானைட் இப்போது வாசலில் செருப்பு விடுகிற படியாகக் கிடக்கிறது.

இப்போது புதனும் ஞாயிறும் ராத்திரி கடை சாத்தியபின் மேல் படலத்தைப் பழைய ஜல்லிக்கரண்டியால் வழித்து, மரத்தூளில் பிசைந்து மூட்டை கட்டிவிடுகிறோம். அடியில் தங்குகிற சகதிக்கு மூன்று மாசத்துக்கு ஒரு முறை உறிஞ்சுகிற லாரி. மேலேயும் கீழேயும் சேர்ந்து தொட்டி உயரத்தில் கால்வாசி ஆகிவிட்டால் நாள் கணக்குப் பார்க்காமல் சுத்தம் செய்துவிட வேண்டும். அண்டாவைக் கழுவுவதற்கு முன்னால் பழைய பேப்பரால் துடைப்பது அக்கா வைத்த சட்டம், அதிலேயே பாதிப் பிசுக்கு குறைந்துவிட்டது. சோறு வடித்த கஞ்சியையும் தொட்டிக்குள் ஊற்ற விடுவதில்லை, புளித்து நாறும். பொரித்த எண்ணெய் தனி. அதை டப்பாவில் சேர்த்து, பயோடீசலுக்கு எடுக்கிறவர்களிடம் கொடுத்துவிடுகிறோம், கிலோவுக்குக் காசும் தருகிறார்கள். ஆசிட் ஊற்றினால் போதும் என்பவர்களை நம்பாதீர்கள். குழாயும் போகும், பிசுக்கும் போகாது.

"ஆற்றில் நுரை பொங்குகிறது, அதைக் கேட்க ஆளில்லை, சின்னக் கடைக்காரனிடம் மட்டும் வருகிறார்கள்" என்று ஒருவர் இதே கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறார். ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில், பெங்களூரு கழிவு கலந்து வரும் தென்பெண்ணை நுரையைப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கோபம் நியாயம். ஆனால் அன்றைக்கு என் கடைக்குள் வந்தது பெங்களூரு தண்ணீர் இல்லை.

சரி, அந்த இன்னொரு காரணம். ஆடி 18 அன்று வந்த யாரோ ஒருவர் தரையில் ஓடிய தண்ணீரைப் போட்டோ எடுத்து, "சாக்கடைக்குள் உட்கார்ந்து பிரியாணி" என்று ஒரு ஸ்டார் கொடுத்து கூகுள் மேப்பில் போட்டுவிட்டார். பொய் இல்லை, அதனால் மறுக்கவும் முடியாது. தொட்டி கட்டி, மூடி மாற்றி, எல்லாம் செய்துவிட்டோம் என்று கீழே பதில் எழுதினேன். அதை யார் படிக்கிறார்கள்? இன்றைக்கும் கடைப் பெயரைத் தட்டினால் முதலில் வருவது அந்தப் போட்டோதான். தினமும் வந்து சாப்பிடுகிற பஸ் டிரைவர் அண்ணன்கள் ஒருத்தராவது ஸ்டார் போட்டிருக்கிறார்களா? நன்றாக இருந்தால் ஏப்பம் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். போன் எடுத்து எழுதுவதற்கு நாம் சாக்கடையைக் கொண்டுவந்து காலடியில் விட வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பாக்கி அட்வான்ஸைக் கொடுப்பதற்கு முன்னால் கட்டிட ஓனரைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போங்கள். சமையல் கட்டில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றச் சொல்லி, அது எங்கே வந்து விழுகிறது என்று பாருங்கள். பாதாள சாக்கடையா, ரோட்டோர வாய்க்காலா, உறிஞ்சுகுழியா என்று அப்போதே தெரிந்துவிடும். உறிஞ்சுகுழி என்றால் இன்னும் கவனம். பிசுக்கு மண்ணை அடைத்துவிட்டால் தண்ணீர் இறங்காது, நம்ம பாறை நிலத்தில் அது ஏற்கெனவே மெதுவாகத்தான் இறங்கும். தொட்டி கட்ட இடம் உங்கள் வாடகைக்குள் வருகிறதா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் தொட்டியின் ஒரு ஓரம் ஓனர் கார் நிறுத்துகிற இடத்தில் இருக்கிறது. புதன் ராத்திரி ஆனால் அவருக்குப் போன் போட்டுக் காரை எடுக்கச் சொல்ல வேண்டும், அவர் தூங்கிவிட்டால் வியாழக்கிழமைதான்.