537 ஓட்டும் மூன்றாவது ஓட்டையும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தேர்தல் முறை பற்றிய கட்டுரையில், 2000 அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடா மாநிலத்தில் புஷ் 537 ஓட்டில் ஜெயித்ததை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் ஓட்டைப் பிரித்ததால்தான் புஷ்ஷை எதிர்த்த அல் கோர் தோற்றார் என்று நண்பர்களிடம் சொல்லிவருகிறேன். சரிதானே?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

தப்பில்லை. நேடர் அங்கே வாங்கியது 97,488. அதில் நூற்றுக்கு ஒருவர் கோருக்குப் போட்டு, மற்றவர்கள் வீட்டிலேயே இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும். ஆனால் ஏறக்குறைய 60 லட்சம் ஓட்டில் வித்தியாசம் 537 என்றால், எதைத் தொட்டாலும் அதுவே காரணமாகத் தெரியும். அதுவும் போக, நேடருக்குப் போட்டவர்கள் நேடரை நினைத்துத்தான் போட்டார்கள். எனக்கு உறுத்துவது அந்த மாநிலத்தின் பாம் பீச் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) வாக்குச்சீட்டு.

விரித்த புத்தகம் மாதிரி இரண்டு பக்கமும் பெயர்கள். நடுவே ஒரே வரிசையில், ஓட்டுப் போடக் குத்த வேண்டிய ஓட்டைகள். இடப்பக்கம் முதலில் புஷ், அடுத்து கோர். வலப்பக்கம் முதலில் ரிஃபார்ம் என்ற சிறு கட்சியின் பேட் புகேனன். கோர் இரண்டாவது பெயர்தானே என்று இரண்டாவது ஓட்டையில் குத்தினால் அது புகேனனுக்குப் போய்விடும். கோருடையது மூன்றாவது. அம்புக்குறி போட்டிருந்தார்கள், சரி. பின்னால் வரிசை நிற்கும்போது அம்புக்குறியை யார் பார்க்கிறார்கள்?

இதில் சதி ஏதுமில்லை. சீட்டை வடிவமைத்த அதிகாரி கோரின் கட்சியைச் சேர்ந்தவர்தான். வயதானவர்கள் நிறைந்த ஊர், எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று நினைத்தார், பாவம். வேட்பாளர்கள் பத்துப் பேர். பெரிய எழுத்தில் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

அந்த ஒரு கவுண்டியில் புகேனனுக்கு விழுந்தது 3,400-க்கு மேல். யூத முதியவர்கள் கணிசமாக வாழும் இடம். அவரோ யூதர்களுக்கு எதிராகப் பேசுபவர் என்று விமர்சிக்கப்பட்ட வலதுசாரி. அங்கே அவருக்கு இவ்வளவு ஆதரவாளர்கள் இருக்க வழியில்லை. அவரே டிவியில் அதில் பெரும்பாலானவை தனக்கு வந்திருக்க வேண்டியவை அல்ல என்று ஒப்புக்கொண்டார். இரண்டு இடத்தில் குத்தியதால் செல்லாமல் போனவை தனியாக 19,000-க்கும் மேல்.

அப்புறம் நடந்த மறு எண்ணிக்கையில் அதிகாரிகள் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சரியாகக் குத்துப்படாமல் தொங்கும் காகிதத் துணுக்கை ஆராய்ந்தார்கள். டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்று அதையும் முடித்துவைத்தது. ஃப்ளோரிடாவின் 25 எலெக்டர்கள் (மாநிலத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள்) புஷ்ஷுக்குப் போக, அவர் கணக்கு 271 ஆனது; தேவை 270. எண்ணிக்கை தொடர்ந்திருந்தாலும் இந்தக் கோளாறு தீர்ந்திருக்காது. புகேனன் ஓட்டையில் சுத்தமாகக் குத்திய சீட்டை எத்தனை தடவை எண்ணினாலும் அது புகேனனுக்குத்தானே?

அந்தச் சீட்டின் படம் இணையத்தில் கிடைக்கும். நண்பர்களிடம் காட்டி, கோருக்குக் குத்தச் சொல்லிப் பாருங்கள். என் மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, யோசிக்காமல் இரண்டாவது ஓட்டையில் விரலை வைத்தார்.