முதலில் அந்தக் குளியலைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: நான் அரசுப் பணியில் ஓய்வுபெற்ற மருத்துவர். பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். அந்த நாட்களில் வீடு திரும்பிக் குளித்த பிறகுதான் இரண்டு வயதுப் பேத்தியைத் தூக்குவேன் என்பதால் மாலை கிளினிக் தாமதமாகிறது, மற்றபடி சிரமமில்லை. போன மாதம் 41 பேருக்கு ரத்தத்தில் ஈயம் பார்த்தோம். 7 பேருக்கு ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) ரத்தத்தில் 60 மைக்ரோகிராமுக்கு மேல். "ரிப்போர்ட்டை என்கிட்ட மட்டும் கொடுங்க சார், அவங்களுக்கு ஈயம் இறங்க மாத்திரை எழுதிடுங்க" என்கிறார் மேனேஜர். பாதிப் பேர் உள்ளூர், மீதி பீகார்; எல்லாரும் கான்ட்ராக்ட். விஷயம் வெளியே வந்தால் வேலை போய்விடும். அவர்கள் பிழைப்பை நினைத்துத்தான் வாய் திறக்கவில்லை. ராஜினாமா செய்துவிடட்டுமா?

பதில்: ராஜினாமா இருக்கட்டும். அந்தக் குளியலைப் பற்றிச் சொல்லுங்கள்.

நீங்கள் அங்கே இருப்பது சில மணி நேரம், அதுவும் மருத்துவ அறையில். அதற்கே குளிக்காமல் பேத்தியைத் தொடுவதில்லை. சரிதான். ஈயத் தூசி தலைமுடியிலும் சட்டை மடிப்பிலும் செருப்படியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். தரையைத் தடவிய கையைக் குழந்தை வாயில் வைக்கும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடம்பில் பத்தில் ஒரு பங்குபோலத்தான் சேரும், குழந்தைக்குப் பாதி வரை சேரும். இதெல்லாம் தெரிந்துதான் குளிக்கிறீர்கள்.

எட்டு மணி நேரம் உலை முன்னால் நின்றவர் அதே சட்டையோடு பைக்கில் வீட்டுக்குப் போகிறாரே, அவர் காலைக் கட்டிக்கொள்ளவும் ஒரு பிள்ளை ஓடிவரும். அந்தச் சட்டையை அவர் மனைவி பிள்ளையின் துணியோடு சேர்த்து ஊறவைப்பார். ஆலையில் குளியலறை உண்டா? நீங்கள் எழுதவில்லை. "குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கப்பா" என்று சொல்ல யாருடைய அனுமதி வேண்டும்? உங்கள் வீட்டுக்கு ஒரு வைத்தியம், அவர் வீட்டுக்கு ஒரு வைத்தியமா?

பிழைப்பை நினைத்து மௌனம் என்கிறீர்கள். ரிப்போர்ட்டை வாங்கிய மேனேஜர் அந்த ஏழு பேரையும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் புது ஆட்களை உலையில் நிறுத்தினால் என்ன செய்வீர்கள்? வேலையும் போகும், கையில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. ரத்தம் அவர்களுடையது. அதில் என்ன இருக்கிறது என்பதை அவர்களிடமே மறைப்பதற்குப் பெயர் மருத்துவ ரகசியம் அல்ல.

ரத்தத்தில் வந்த ஈய அளவை முதலில் காகிதத்தில் எழுதி அவரவர் கையில் கொடுங்கள். பீகார்க்காரர்களுக்கு இந்தி தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்லுங்கள். அதற்கு மேஸ்திரியைக் கூப்பிட வேண்டாம், அவர் கான்ட்ராக்டரின் ஆள். மேனேஜருக்குப் போக வேண்டியது தகுதிச் சான்று மட்டும்: "உலை, வார்ப்பு, தட்டு உடைக்கும் வேலைக்கு இப்போது தகுதியில்லை, ஸ்டோர், கேட் வேலை செய்யலாம், சம்பளம் குறையக் கூடாது." அமெரிக்காவில் 1978இல் ஈய விதி எழுதியவர்கள் உங்கள் கவலையையும் யோசித்திருக்கிறார்கள். 60ஐ எட்டினால் அந்த இடத்திலிருந்து மாற்ற வேண்டும். 18 மாதம் வரை சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. சம்பளம் போகும் என்றால் எந்தத் தொழிலாளி ரத்தம் கொடுக்க வருவார்?

மாத்திரை எழுதவே எழுதாதீர்கள். அதே விதி, உலையில் நிறுத்திக்கொண்டே ஈயம் இறக்கும் மருந்து கொடுப்பதைத் தடை செய்கிறது. எண் சில நாள் இறங்கும், எலும்பில் தேங்கியது ரத்தத்துக்குத் திரும்பி மறுபடி ஏறும். மேனேஜருக்கு வேண்டியது அந்தச் சில நாள்தான். முதல் சிகிச்சை, ஆளைத் தூசியிலிருந்து எடுப்பது. வயிற்று வலி, கை தொங்கல், குழப்பம் இருந்தால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மருந்தை அவர்கள் முடிவு செய்யட்டும். மறுபரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவ வையுங்கள். தோலில் இருக்கும் தூசி ஊசியோடு போனால் எண் பொய்யாக ஏறும், "லேப் தப்பு" என்று சொல்ல மேனேஜருக்கு வசதியாகிவிடும்.

ஈய நஞ்சு என்று சந்தேகப்பட்டாலே தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டியது மருத்துவர். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆம் பிரிவிலும் அப்படித்தான், அதன் இடத்துக்கு வந்த 2020 பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 12ஆம் பிரிவிலும் அப்படித்தான். ஆலை முதலாளியைக் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்று எங்கும் இல்லை. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு இது தொழில்சார் நோய், வேலையில் பட்ட காயத்துக்குச் சமம். ஊருக்கே அனுப்பிவிட்டாலும் உங்கள் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் அவர்கள் இழப்பீடு கேட்க முடியும்.

அந்த ஏழு பேரிடமும் வீட்டில் சின்னப் பிள்ளை உண்டா, மனைவி மாசமாக இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் அவர்களுக்கும் ரத்தம் பாருங்கள். 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆலையில் வேலைச் சட்டைக்கு ஒரு பெட்டி, வீட்டுச் சட்டைக்கு வேறொரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே குளியல், சட்டையை ஆலையே வெளுப்பது, தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது: இவ்வளவையும் எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விலகினால் அடுத்த வாரமே கையெழுத்துப் போட இன்னொருவர் வருவார். ஆய்வாளருக்குக் கடிதங்களை அனுப்பிவிட்டு வழக்கம்போல வேலைக்குப் போங்கள். வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்வதானால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.