மைனரின் இடுப்பைத் தாழ்த்தலாமா?

கேள்வி: தாத்தா விட்டுப்போன 1960 மோரிஸ் மைனர் காரின் உயரத்தைத் தாழ்த்த ஆசை. முன் ஸ்பிரிங்கை வெட்டினால் போதும் என்கிறான் நண்பன். செய்யலாமா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: வெட்டுவதற்கு முன்னால் சுருள் ஸ்பிரிங் எங்கே இருக்கிறது, தம்பி? மைனரில் முன்னால் பாரம் தாங்குவது டார்ஷன் பார், முறுக்கேறிய எஃகுத் தண்டு. அதன் முனைப் பற்களை ஒன்றிரண்டு தள்ளிப் பூட்டினால் கார் இறங்கும். முறுக்கைத் தளர்த்தாமல் கழற்றினால் கையை உடைத்துவிடும். பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள். முதலில் காரின் உயரத்தை அளந்து பாருங்கள், அந்த வயசுத் தண்டு தானாகவே தொய்ந்திருக்கும்! பின்னால் பட்டை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஓர் அங்குலக் கட்டை வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் யூ வடிவ போல்ட்டை நீளமானதாகப் போடுங்கள். அதற்கு மேல் ஆசை வேண்டாம். தாமான் (குடியிருப்பு) வேகத்தடையில் சைலன்சர் உரசும். முடிந்ததும் சக்கர அலைன்மெண்ட் பாருங்கள். தொடங்குமுன் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) விசாரியுங்கள்.