ரயிலில் வினாடி வினா: கேள்வியை ஜன்னலுக்கு வெளியே தேடுங்கள்

கேள்வி: விடுமுறைக்கு மதுரையிலிருந்து சென்னைக்குப் பகல் ரயிலில் போகிறோம். ஏழு மணி நேரப் பயணம். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. செல்போனைத் தவிர்க்கப் பொது அறிவுப் புத்தகம் வாங்கினேன். எல்லாப் பதிலையும் அக்காவே சொல்லிவிடுகிறாள், சின்னவன் அழுகிறான். என்ன செய்வது?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ‘தலைநகரம் எது?’ என்ற கேள்விக்குத் தெரிந்தவர் சொல்லிவிடுவார், தெரியாதவருக்கு எவ்வளவு யோசித்தாலும் வராது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பரீட்சைதான். பார்த்துக் கண்டுபிடிக்கும் கேள்வியில் இருவருக்கும் வாய்ப்பு உண்டு.

ஸ்டேஷன் பெயர் எழுதிய மஞ்சள் பலகையில், கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்பதும் இருக்கும். மதுரையில் ஏறும்போதே அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கு முன்பும் ‘மேலா, கீழா?’ என்று கேளுங்கள். திண்டுக்கல் மதுரையைவிட நல்ல உயரம். அங்கிருந்து திருச்சி, விழுப்புரம் என்று கடலை நோக்கி இறங்குமுகம். இதைச் சின்னவனே இரண்டு மூன்று ஸ்டேஷனில் பிடித்துவிடுவான். எத்தனை மீட்டர் வித்தியாசம் என்ற கழித்தல் கணக்கு அக்காவுக்கு. பலகை நடைமேடையின் இரு முனைகளில் இருப்பதால் வண்டி நின்ற பிறகு தேடினால் கிடைக்காது. வேகம் குறையும்போதே நடைமேடைப் பக்க ஜன்னலில் தயாராக இருக்க வேண்டும்.

அக்காவுக்கு இன்னொன்று: தண்டவாளத்தை ஒட்டிய மின்கம்பங்களில் மேலே கிலோமீட்டர் எண்ணும் கீழே வரிசை எண்ணும் இருக்கும். மேல் எண் மாறியதிலிருந்து மறுபடி மாறும்வரை விநாடிகளை எண்ணி, 3600-ஐ அதால் வகுத்தால் வண்டியின் வேகம். 40 விநாடி என்றால் மணிக்கு 90 கிலோமீட்டர்.

அடுத்தது குறிப்புச் சீட்டு. முதல் நாள் இரவே அக்காவை எழுதச் சொல்லுங்கள். பத்துப் பன்னிரண்டு சீட்டு போதும். ஒரு சீட்டுக்கு ஓர் ஊர், மூன்று குறிப்பு, கடினத்திலிருந்து எளிது. மணப்பாறைக்கு: மாட்டுச் சந்தை (3 புள்ளி), முறுக்கு (2), ‘ம’வில் தொடங்கும் (1). திருச்சி தாண்டியதும் இரண்டு பாலம் வரும். எது காவிரி, எது கொள்ளிடம்? முதலில் காவிரி, ஸ்ரீரங்கம் கழித்துக் கொள்ளிடம். அரியலூருக்கு: ‘ஒரு காலத்தில் கடலாக இருந்த ஊர்.’ அங்கே கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன என்பதையும் சொல்லுங்கள்.

கேட்பது அக்கா, சொல்வது தம்பி. அவன் எடுக்கும் புள்ளி அவளுக்கும் உண்டு. இந்த விதியை விட்டுவிடாதீர்கள். இது இல்லாவிட்டால் தம்பிக்குத் தெரியாததாகத் தேடித்தேடி எழுதுவாள்.

ஊர்ப் பெயர் அந்தாதியும் ஆடலாம். ஆனால் நம் ஊர்ப் பெயர்கள் ‘ம்’, ‘ர்’, ‘டி’ என்று முடிவதால் பாதியில் நின்றுவிடும். முன்கூட்டியே விதி பேசிக்கொள்ளுங்கள். புள்ளி எழுத்தானால் அதே வரிசையில் எந்த எழுத்தும் சரி: ராமநாதபுரம், மணப்பாறை. கடைசி எழுத்தில் ஊர் கிடைக்காவிட்டால் ஓர் எழுத்து பின்னால் போங்கள்: மணப்பாறை, பாபநாசம். லால்குடியில் ‘டி’க்குப் பதில் ‘கு’, கும்பகோணம்.

எந்த ஆட்டமும் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ‘இன்னும் ஒண்ணு’ என்று கேட்கும்போதே நிறுத்தினால் அடுத்த முறை அவர்களே கூப்பிடுவார்கள். சாப்பாட்டுக்குப் பின் தூங்க விடுங்கள்.

பேருந்திலோ காரிலோ போனால் சீட்டு வேண்டாம். கண் அசையாத எழுத்தைப் பார்க்க, உள்காது குலுங்கலை உணர, குமட்டல் வந்துவிடும். அங்கே வாய்மொழி விடுகதைதான் சரி. ‘அடிக்காமல் திட்டாமல் கண்ணீரை வரவழைப்பாள், யார்?’ என்று சின்னவனைக் கேட்கச் சொல்லுங்கள். வெங்காயம் என்ற பதில் தெரிந்தாலும் பெரியவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.