ஒரே டப்பாவுக்குள் இரண்டு சர்க்யூட்: ரிலே பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ரிலேயின் அடியில் ஐந்து கால்கள் இருக்கின்றன. எது எதற்கு என்று மேலே எதுவும் எழுதவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு நிமிட வேலை. ஓம் அளவில் வைத்து இரண்டிரண்டு கால்களாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு ஜோடிக்கு இடையே பத்துக்கணக்கில் அல்லது நூறுக்கணக்கில் ஓம் காட்டும். அதுதான் காயில், அதாவது கம்பிச்சுருள். பழகுபவர்கள் கையில் பெரும்பாலும் இருக்கும் நீலநிற 5 வோல்ட் ரிலேயில் அது சுமார் 70 ஓம். அதன் 12 வோல்ட் வகையில் சுமார் 400 ஓம். மீதி மூன்று கால்களில் இரண்டுக்கு இடையே கிட்டத்தட்ட சுழியம் காட்டும். அந்த இரண்டில் ஒன்று காமன் (பொது முனை), மற்றது என்.சி., அதாவது காயிலுக்கு மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் முனை. எதனோடும் சேராமல் நிற்பது என்.ஓ., அதாவது காயிலுக்கு மின்சாரம் வந்தால் மட்டும் மூடும் முனை. இப்போது காயிலுக்கு உரிய வோல்டேஜைக் கொடுங்கள். டிக் என்று சத்தம் வந்தபின் என்.ஓ.வுடன் எந்தக் கால் சேர்கிறதோ அதுதான் காமன்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான்: காயில் காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கிறது, தகடு காமன் முனையை என்.சி.யிலிருந்து என்.ஓ.வுக்குத் தள்ளுகிறது. காயிலுக்கும், இந்த முனைகள் தொட்டுப் பிரியும் இடமான கான்டாக்டுக்கும் இடையே மின்தொடர்பே கிடையாது. ஒரே டப்பாவுக்குள் இரண்டு தனித்தனி சர்க்யூட்டுகள் குடியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ரிலே தானாக விளக்குக்கு மின்சாரம் தராது. அது வெறும் சுவிட்ச். ‘டிக் சத்தம் வருகிறது, பல்ப் எரியவில்லை’ என்று எழுதுகிறவர்களில் பலர் காமன் முனைக்கு சப்ளையே கொடுத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: ஆர்டுயினோ போர்டின் பின்னிலிருந்து (புரோகிராம் ஆன்-ஆஃப் செய்யும் காலிலிருந்து) நேரடியாக 5 வோல்ட் ரிலேயின் காயிலுக்கு ஒயர் கொடுத்தேன். சில நேரம் இழுக்கிறது, சில நேரம் இல்லை. பின்னும் 5 வோல்ட், ரிலேயும் 5 வோல்ட் தானே?

பதில்: வோல்டேஜ் பொருந்துகிறது, கரண்ட் பொருந்தவில்லை. 5 வோல்ட்டை 70 ஓமால் வகுத்தால் 71 மில்லி ஆம்பியர். ஆர்டுயினோ ஊனோவின் ஒரு பின்னுக்கு உச்சவரம்பே 40 மில்லி ஆம்பியர். நிம்மதியாக எடுக்கக்கூடியது 20. அதற்குமேல் இழுத்தால் பின்னின் வோல்டேஜ் சரிந்துவிடும். இந்த வகை ரிலே இழுக்கக் குறிப்பிட்ட வோல்டேஜில் 75 சதவீதம், அதாவது 3.75 வோல்ட் வரை தேவைப்படலாம். அந்த விளிம்பில் நின்று ஆடுவதைத்தான் பார்க்கிறீர்கள். அந்தப் பின் இன்னும் உயிரோடு இருந்தால் அது அதிர்ஷ்டம், உடனே கழற்றிவிடுங்கள்.

இடையில், சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர் வேண்டும். எமிட்டர், கலெக்டர், பேஸ் என்பவை அதன் மூன்று கால்கள். எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் காயிலின் ஒரு முனைக்கு, காயிலின் மறுமுனை 5 வோல்ட் சப்ளைக்கு. பின்னிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 10 கிலோ ஓம் ஒன்று போட்டால், போர்டு விழித்தெழும் நேரத்தில் அந்தப் பின் அந்தரத்தில் தொங்கினாலும் ரிலே இழுக்காது.

1 கிலோ ஓம் எப்படி வந்தது? டிரான்சிஸ்டரை முழுதாகத் திறக்க, பேஸ் கரண்ட் கலெக்டர் கரண்டில் பத்தில் ஒன்றிலிருந்து இருபதில் ஒன்று வரை இருப்பது நல்லது. தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் 200, 300 என்று போட்டிருக்கும் கெயினை (பேஸ் கரண்டை எத்தனை மடங்காக்கும் என்ற எண்ணை) நம்பிக் கணக்குப் போடாதீர்கள்; அது முழுதாகத் திறந்த நிலைக்கான எண் இல்லை. 5 வோல்ட்டில் 0.7 பேஸில் போய்விடும், மீதி 4.3 வோல்ட், 1 கிலோ ஓமில் 4.3 மில்லி ஆம்பியர். 71-க்கு இது பதினேழில் ஒன்று. சரி. 3.3 வோல்ட் போர்டு என்றால் மிஞ்சுவது 2.6 வோல்ட்தான், அதற்கு 560 ஓம் போடுங்கள்.

பிசி547 என்ற டிரான்சிஸ்டரின் கலெக்டர் வரம்பு 100 மில்லி ஆம்பியர். 71 அதற்குள் அடங்கினாலும் நாங்கள் 5 வோல்ட் ரிலேக்கு 2என்2222 போன்றதைத்தான் சொல்வோம். 30 மில்லி ஆம்பியர் மட்டுமே இழுக்கும் 12 வோல்ட் ரிலேக்கு பிசி547 தாராளம். ஒரு எச்சரிக்கை: 2என்2222 பெயரில் வரும் பிளாஸ்டிக் வகைகளில் கால் வரிசை தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி மாறும். டேட்டாஷீட்டைப் பார்க்காமல் சால்டரிங் அயர்னை எடுக்காதீர்கள்.

அடிக்கடி வரும் இன்னொரு தவறு, காயிலை எமிட்டர் பக்கம் வைப்பது. அப்படி வைத்தால் காயிலுக்குக் கிடைப்பது பேஸ் வோல்டேஜில் 0.7 குறைந்ததுதான். 3.3 வோல்ட் போர்டில் அது 2.6 வோல்ட்டுக்கு மேல் போகாது. ரிலே அசையாது, டிரான்சிஸ்டர் சுடும், புரோகிராம் மட்டும் சரியாக இருப்பதுபோலத் தோன்றும்.

வெளியிலிருந்து தனி சப்ளை கொடுத்தால் அதன் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் இணைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: காயிலுக்குக் குறுக்கே டையோடு (ஒரு திசையில் மட்டும் கரண்ட் விடும் பாகம்) போடச் சொல்கிறார்கள். போடாமலேயே எனக்கு இரண்டு வாரமாக நன்றாக ஓடுகிறது. கட்டாயமா?

பதில்: கட்டாயம். காயிலில் ஓடும் கரண்ட் திடீரென நிற்க மறுக்கும். டிரான்சிஸ்டர் மூடியதும் போக வழியில்லாத அந்தக் கரண்ட், கலெக்டரின் வோல்டேஜை நூறுக்கு மேலும் தூக்கிவிடும். பிசி547 தாங்குவதோ 45 வோல்ட். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் டிரான்சிஸ்டர் ஓர் அடி வாங்குகிறது. முதல் அடியில் சாகாது என்பதால்தான் இரண்டு வாரம் ஓடியிருக்கிறது. ஒருநாள், ரிலே அணையவே மாட்டேன் என்று நிற்கலாம்.

டையோடின் கோடு போட்ட முனை பிளஸ் சப்ளை பக்கம், மறுமுனை கலெக்டர் பக்கம். வழக்கமாக அதில் கரண்ட் ஓடாது. அணைக்கும் நொடியில் மட்டும் காயிலின் கரண்ட் அதன் வழியே சுற்றிவந்து காயிலின் தடையிலேயே அடங்கிவிடும். திருப்பிப் போட்டால் டிரான்சிஸ்டர் திறந்ததும் சப்ளையிலிருந்து டையோடு வழியாக நேராக கிரவுண்டுக்குப் பாய்ச்சல்தான், புகையும். 1என்4007-ஆ 1என்4148-ஆ என்ற விவாதத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். இந்த அளவு காயிலுக்கு இரண்டுமே போதும். டையோடு காயிலின் கால்களுக்கு அருகிலேயே இருக்கட்டும்.

டையோடுக்கு ஒரு விலை உண்டு. கரண்ட் மெதுவாக அடங்குவதால் ரிலேயும் சில மில்லி செகண்ட் மெதுவாக விடும். கான்டாக்ட் நிதானமாகப் பிரியும்போது பொறியும் சற்று அதிகம். பெரிய லோடுகளில் (ரிலே ஓட்டும் சாதனங்களில்) இது பொருட்படுத்தத்தக்கது. அப்போது டையோடுக்குத் தொடராக எதிர்த்திசையில் ஒரு ஸீனர் (குறிப்பிட்ட வோல்டேஜைத் தாண்டினால் எதிர்த்திசையிலும் கரண்ட் விடும் டையோடு) போடுவார்கள். 12 வோல்ட் ரிலேக்கு 24 வோல்ட் ஸீனர் என்றால் கலெக்டர் ஏறக்குறைய 37 வோல்ட்டோடு நின்றுவிடும், 45-க்குள் அடக்கம்.

கேள்வி: கடையில் வாங்கிய ரிலே மாட்யூல், போர்டுக்கு சப்ளை கொடுத்ததும் ஒருமுறை தானாக டிக் என்று அடித்து அணைகிறது. புரோகிராமில் அப்படி எதுவும் இல்லை.

பதில்: உங்களுடையது இன்புட் தாழ்ந்தால் இழுக்கும் வகை. இப்போது ஓடும் மாட்யூல்களில் ஏராளமானவை அப்படித்தான். பின்னை அவுட்புட் என்று அறிவித்த கணத்தில் அது தாழ்ந்த நிலையில் இருக்கும். அடுத்த வரியில் நீங்கள் உயர்த்துவதற்குள் ரிலே இழுத்துவிடுகிறது. இரண்டு வரிகளையும் இடம் மாற்றுங்கள்: முதலில் பின்னுக்கு உயர் நிலையை எழுதுங்கள், பிறகு அவுட்புட் என்று அறிவியுங்கள். அந்த ஒற்றை டிக் போய்விடும். விளக்குக்குப் பரவாயில்லை, கேட் மோட்டாரையோ ஹீட்டரையோ மாட்டியிருந்தால் இது சின்ன விஷயம் அல்ல.

கேள்வி: எல்டிஆர் (வெளிச்சத்துக்கேற்பத் தடை மாறும் பாகம்) வைத்து மாலையில் விளக்கு எரியும்படி செய்தேன். இருட்டும் நேரத்தில் ரிலே கடகடவென்று அடித்துக்கொள்கிறது.

பதில்: முதலில் பார்க்க வேண்டியது, அந்த விளக்கின் வெளிச்சம் எல்டிஆர் மேல் விழுகிறதா என்பது. விழுந்தால் விளக்கு எரிந்ததும் ‘விடிந்துவிட்டது’ என்று சர்க்யூட் நினைக்கும், அணைக்கும், மறுபடி இருட்டும். எல்டிஆரை ஒரு கருப்புக் குழாய்க்குள் வைத்து வானத்தைப் பார்க்கத் திருப்புங்கள்.

அதன்பிறகும் அடித்தால், எரிவதற்கும் அணைவதற்கும் ஒரே வெளிச்ச அளவை வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். இரண்டையும் பிரியுங்கள். 0 முதல் 1023 வரை படிக்கும் போர்டில், வெளிச்சம் கூடக்கூட எண்ணும் கூடும்படி இணைத்திருந்தால், 300-க்குக் கீழே போனால் எரியட்டும், 400-ஐத் தாண்டினால்தான் அணையட்டும். புரோகிராம் இல்லாமல் இரண்டு வோல்டேஜ்களை ஒப்பிடும் கம்பேரேட்டர் ஐசியில் செய்திருந்தால், அவுட்புட்டிலிருந்து பிளஸ் இன்புட்டுக்கு 100 கிலோ ஓம் முதல் 1 மெகா ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் போட்டாலே அந்த இடைவெளி வரும்.

கேள்வி: ரிலே வழியாக ஒரு சிறிய தண்ணீர் பம்ப் ஓட்டுகிறேன். பம்ப் நிற்கும்போது போர்டு ரீசெட் ஆகிறது. சப்ளை போதவில்லையா?

பதில்: ஊகிக்க வேண்டாம், பிரித்துப் பாருங்கள். பம்பைக் கழற்றிவிட்டு ரிலேயை மட்டும் இருபது முறை அடித்துப் பாருங்கள். அப்போதும் ரீசெட் ஆனால் குற்றவாளி காயில் பக்கம்: மெலிந்த யுஎஸ்பி ஒயர், பிரெட்போர்டின் தளர்ந்த துளை, டையோடு இல்லாமை. ரிலேக்குத் தனி சப்ளை ஒயரும் அதன் அருகில் ஒரு 220 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் போடுங்கள். பம்ப் இருந்தால் மட்டும் ரீசெட் ஆனால் குற்றவாளி கான்டாக்ட் பக்கம். நிற்கும்போது ஆகிறது என்பதால் உங்களுடையது இந்த வகை என்றே தோன்றுகிறது. பம்பின் காயிலும் ரிலே காயில் போலத்தான். கான்டாக்ட் பிரியும்போது பொறி பறக்கும், அந்த இரைச்சல் பக்கத்து ஒயர்களில் ஏறும்.

டிசி பம்ப் என்றால் அதன் இரு முனைகளுக்கு அருகிலேயே ஒரு டையோடு. ஏசி என்றால் 100 ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 வகை (வீட்டு மின்சாரத்தில் வைக்கத் தகுந்த) கெபாசிட்டரும் தொடராக, கான்டாக்டுக்குக் குறுக்கே. சாதாரண கெபாசிட்டரை அங்கே வைக்கவே கூடாது. இதிலும் ஒரு சங்கடம்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் இந்த ஜோடி வழியாக 7 மில்லி ஆம்பியர் எப்போதும் கசியும். அதே ரிலேயில் பிறகு எல்இடி பல்பை மாட்டினால், அணைத்த பின்னும் லேசாக மினுக்கும்.

கேள்வி: 10 ஆம்பியர் ரிலேயில் எட்டு எல்இடி பல்புகள்தான், மொத்தம் அரை ஆம்பியர்கூட இல்லை. மூன்று மாதத்தில் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டது. போலி ரிலேயா?

பதில்: போலியாகவும் இருக்கலாம், ஆனால் அது தேவையே இல்லை. எல்இடி பல்பின் டிரைவருக்குள் வெறுமையாக ஒரு கெபாசிட்டர் காத்திருக்கிறது. ஸ்விட்ச் போட்ட கணத்தில், ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவாக, அது பல ஆம்பியரை விழுங்கும். எட்டும் ஒன்றாக விழுங்கினால் கூட்டிக்கொள்ளுங்கள். அதே கணத்தில் கான்டாக்ட் இரண்டு மூன்று முறை துள்ளி உட்காரும். துள்ளலில் பொறி, பொறியில் உருகல், உருகியது ஆறினால் வெல்டிங். தட்டினால் விட்டுக்கொள்ளும் என்றாலும் அந்த ரிலேயை மறுபடி நம்ப வேண்டாம். திடீர்ப் பாய்ச்சலுக்கென்றே மதிப்பிடப்பட்ட ரிலே வாங்குங்கள், அல்லது பல்புகளுக்குத் தொடராக ஒரு என்டிசி தெர்மிஸ்டர் (குளிர்ந்திருக்கும்போது தடை அதிகமாகவும் சூடானதும் குறைவாகவும் இருக்கும் பாகம்) போடுங்கள். பழைய இழை பல்புகளும் குளிர்ந்த நிலையில் பத்து மடங்குக்கு மேல் இழுப்பவைதான்.

மேலே அச்சிட்ட 10 ஆம்பியர், ஹீட்டர் போன்ற வெறும் தடை லோடுக்கு. அதே மூடியில் 250 வோல்ட் ஏசி, 30 வோல்ட் டிசி என்று இரண்டு எண்கள் இருப்பதைக் கவனியுங்கள். 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் பொறி தானே அணையும். டிசிக்கு அந்தச் சலுகை இல்லை. 48 வோல்ட் பேட்டரி அடுக்கை இந்த ரிலேயால் துண்டிக்க நினைத்தால், கான்டாக்ட் பிரிந்த பிறகும் பொறி எரிந்துகொண்டே இருக்கும்.

மெயின்ஸ் (வீட்டு ஏசி மின்சாரம்) பற்றி: பிரெட்போர்டில் ஒருபோதும் வேண்டாம். ஃபேஸ் ஒயரைத்தான் ரிலே வழியாக விடவேண்டும், நியூட்ரலை அல்ல. தகுந்த ஃபியூஸ், மூடிய பெட்டி, இறுக்கிய திருகு. மலிவான மாட்யூல்களின் தாமிரத் தடங்கள் குறுகலானவை; தொடர்ந்து ஓடும் லோடுக்கு 5 ஆம்பியரைத் தாண்டாமல் இருப்பதே எங்கள் வழக்கம். முதலில் 12 வோல்ட் பல்பில் எல்லாம் சரியாக ஓடட்டும்.

கேள்வி: ரிலேயை வேகமாக ஆன்-ஆஃப் செய்து விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியாது. இழுக்கவே 10 மில்லி செகண்ட் வரை ஆகும். முழு லோடில் ஒரு லட்சம் முறை என்பது இவ்வகை ரிலேயின் ஆயுள். நொடிக்கு ஒருமுறை அடித்தால்கூட 28 மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் சத்தமும் தேய்மானமும் இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலேயையே எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாமே?

பதில்: ஹீட்டர் போன்று நிமிடத்துக்குப் பலமுறை அடிக்க வேண்டிய ஏசி லோடுக்கு அதுதான் சரி. ஆனால் டிரையாக் (ஏசியைத் திறந்து மூடும் செமிகண்டக்டர் சுவிட்ச்) வகையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் உள்ளேயே விழும். 10 ஆம்பியர் ஓட்டினால் 10 வாட்டுக்கு மேல் வெப்பம், ஹீட் சிங்க் இல்லாமல் நிற்காது. அணைந்த நிலையிலும் கொஞ்சம் கசியும், ஆகவே அதை நம்பி லோடில் கை வைக்கக்கூடாது. ஏசிக்கான அந்த வகையை டிசி லோடில் மாட்டினால் ஆன் ஆகும், ஆஃப் ஆகாது: கரண்ட் சுழியைத் தொட்டால்தான் டிரையாக் விடும், டிசியில் அது தொடுவதே இல்லை. பழுதானால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே போய்ச் சேரும். ஹீட்டரோடு வைக்கும்போது, தனியாக ஒரு வெப்ப ஃபியூஸும் தொடரில் இருக்கட்டும்.